அம்மனைக் காட்டாத நேரலை

ஆளில்லாத வீட்டில் இருப்பவனுக்குக் கைப்பேசி வித்தையெல்லாம் சீக்கிரம் படிந்துவிடும். வேறு யாரோடு மல்லுக்கட்டுவது? மனைவி போய்ச் சேர்ந்தபின் ஈப்போ வீட்டில் எனக்கு அதுதான் துணை. அந்தத் தைரியத்தில், சித்தியவான் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்து மாரியம்மனை உலகத்துக்கே காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். மறுவாரம் கோயிலை இடித்து, அம்மனை டவுனுக்குக் கொண்டுபோகிறார்கள். பழைய இடத்தில் இதுதான் கடைசிப் பூசை. ஜொகூரில் இருக்கும் என் மகள் முதல், சிதறிப்போன தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் நேரலையில் பார்ப்பதாக ஏற்பாடு. பதிவைப் பத்திரமாகச் சேமித்தும் வைக்க வேண்டும்.

கோயில் தலைவர் முனியாண்டி மைக்கில் அறிவித்தார்: "யாரும் போனைத் தூக்காதீங்க, சாமிய மறைக்குது. அண்ணன் ஒருத்தர் எடுத்தா போதும்லா!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. திருநீறு எடுப்பாக இருக்கிறதா என்று கேமராவை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். (பார்த்தவன் மறுபடி திருப்பியிருக்க வேண்டாமா?) அப்படியே குச்சியில் மாட்டித் தலைக்கு மேலே தூக்கினேன். உச்சி வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை.

பூசை முழுக்க ஜனங்கள் பார்த்தது என்னைத்தான். கொட்டாவி விட்டேன், மூக்கைச் சிந்தினேன், பக்திப் பாட்டைத் தப்பும் தவறுமாக உரக்கப் பாடினேன். தீபாராதனை மட்டும் என் மூக்குக்கண்ணாடியில் இரண்டு புள்ளியாக மினுங்கியது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது அழுகை வந்துவிட்டது.

முனியாண்டி போன் செய்தார். "கடைசிப் பூசை, திரும்ப எடுக்க முடியாதுண்ணே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்து மகள்.

"முழுசாப் பார்த்தேன்பா."

"அம்மன்தான் தெரியலையேம்மா."

"நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்கப்பா. 'பாத்தியா, உனக்குப் புடிச்ச பச்சைப் பொடவ கட்டியிருக்காங்க'ன்னு. பக்கத்துல யாருமே இல்ல."

பேசியதே எனக்குத் தெரியாது. யாரிடம் என்று அவளும் கேட்கவில்லை.

இன்றைக்கும் சொந்தத்தில் கல்யாணம் என்றால், "மாமாகிட்ட கேமரா குடுக்காதீங்க, மாப்பிள்ளையே தெரியமாட்டாரு" என்று சிரிக்கிறார்கள். மகள் வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் வருகிறாள். நான் கவனமாகச் சாமி விளக்கைக் காட்டுவேன். "விளக்கு இருக்கட்டும்பா, உங்க பக்கம் திருப்புங்க" என்பாள்.

மற்ற நாள்களில் நானே என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பேசுகிறேன்.