புகையாத தார்

ரோட்டோர மேற்பார்வையாளர் என்றொரு இனம் உண்டு. விதைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒரு லாரி ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனால் போதும், மறுநாள் விடியும்போது முழு ஆளாக முளைத்து, இடுப்புச் சாரத்தை லுங்கிபோல மடித்துக் கட்டி, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பார். சம்பளம் கிடையாது. பதவி கிடையாது. யாரும் கூப்பிட்டதும் கிடையாது. பல வருஷம் பல தேசங்களில் அலைந்துவிட்டு வந்தவள் நான். பாலைவனத்திலும் பனி மலையிலும் இவரைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நம் குமரி மாவட்டத்து ரகம் தனி. மற்ற ஊர்களில் இவர் வேடிக்கை பார்ப்பார். இங்கே தீர்ப்புச் சொல்வார்.

தீர்ப்புக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் புது ரோட்டின் விளிம்பைச் செருப்பு நுனியால் இரண்டு இடி. பிறகு குனிந்து ஒரு துண்டை எடுத்து விரலால் நெருடி, முகர்ந்து, காற்றில் வீசுவார். கடைசியில் ஒரே சொல்: "நிக்காது." எந்த ரோட்டையாவது இவர் நிற்கும் என்று சொல்லிக் கேட்டதுண்டா? சொல்லமாட்டார். உடைந்தால் அவர் முன்பே சொன்னார். உடையாவிட்டால், அவர் சொன்னதால்தான் ஒழுங்காகப் போட்டார்கள்.

எங்கள் ஊருக்கு வாய்த்தவர் மரியான் மாமா. வட்டக்கோட்டைக்குப் பக்கத்துக் கடற்கரைத் தெரு எங்களுடையது. மாமா வளைகுடாவில் ஒரு ரோடு கம்பெனியில் நெடுநாள் இருந்தவர். கம்பெனி மெஸ்ஸில் சோறு பொங்கினார் என்பது ஊருக்கே தெரியும், ஊர் அதைக் குறையாக நினைப்பதில்லை. ரோடு போட்டவனுக்குச் சோறு போட்டவன் ரோட்டை அறியமாட்டானா?

எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோடு வரை போகும் பாதை வெறும் மணல். மீன் விற்கும் இசபெல் அக்கா பெட்டியைக் கட்டிய ஸ்கூட்டரைத் தினமும் அதில் தள்ளுவாள். அவள் சுசீந்திரம் போய்ச் சேர்வதற்குள் வேறு வண்டி முந்தியிருக்கும், ஐஸ் கரைந்திருக்கும், பாதி வாடிக்கை போயிருக்கும். எடவப்பாதி என்கிற ஜூன் மாதத்துப் பருவமழை பிடித்தால் பாதை குளமாகி ஸ்கூட்டர் வீட்டோடு கிடக்கும். போன மழைக்கு அப்படித்தான் கிடந்தது. இந்த மழைக்கு முன்னால் ரோடு வரவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ரோடும் வந்தது. தக்கலையிலிருந்து அஸ்வதி என்ற இளம் என்ஜினீயர் வந்தாள். கிடக்கிற மணலையே தாரோடு பிசைந்து இறுக்கிவிடுவது அவள் திட்டம். அதற்குக் காய்ச்சிய தார் ஆகாது. தாரைத் தண்ணீரில் கலக்கிய இமல்ஷன் என்ற குழம்பு வேண்டும். பார்க்கப் பழுப்பாக இருக்கும், தொட்டால் குளிரும். மணலில் கலந்ததும் தண்ணீர் மெல்ல வெளியேறும், தார் மணலைப் பிடித்துக்கொண்டு கறுக்கும். கறுக்கத் தொடங்கும் பக்குவத்தில் ரோலர் ஏறவேண்டும். பக்குவம் தப்பினால் பிடிப்பும் தப்பிப்போகும்.

மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு துண்டை உருட்டி முடித்து, அடுத்ததைக் கலக்கிக்கொண்டிருந்தபோது மாமா வந்து சேர்ந்தார்.

"இதென்ன பிள்ளே, சாயாவா?"

"தார்தான் மாமா. தண்ணி வலிஞ்சதும் கறுக்கும்."

"கேட்டியளா மக்கா? பால்ல தண்ணி ஊத்துகவன பாத்திருக்கேன். தார்ல தண்ணி ஊத்துகவள இன்னைக்குத்தான் பாக்கேன்."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு வந்தபிறகு இந்த இனத்தைத் தடுக்க எந்த என்ஜினீயராலும் ஆகாது.

"புகை எங்க? வாசம் எங்க? பீப்பாய்க்கு அடியில தீ எங்க? நாங்க அங்க ரோடு போட்டா செருப்பு உருகிரும், பாத்துக்க."

"இதுக்குத் தீ வேண்டாம் மாமா. இப்பம் ரோலர் ஓடலேன்னா எல்லாம் வீணாப் போவும்."

மாமா ஒரு தீக்குச்சியை உரசிக் குழம்புக்குள் விட்டார். குச்சி அணைந்தது.

"தாரு தீய அணைக்குமாடே?"

இதற்குமேல் சாட்சி வேண்டுமா? ரோலருக்கு முன்னால் தெருவே நின்றது, இசபெல் அக்காவும் நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "உனக்கென்ன வந்தது அக்கா?" என்று கேட்டேன்.

"கலப்படம்னா அது ஒரு மழைக்குத் தாங்குமா ஏட்டி? இன்னொரு ரோடு எனக்கு யாரு தருவா?"

பஞ்சாயத்துத் தலைவர் வந்து பார்க்கட்டும் என்று முடிவாயிற்று. தலைவர் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். மூன்று பாயசமும் முடித்து அவர் வரும்போது, வெயிலில் கிடந்த கலவை காக்காய் நிறத்தில் காய்ந்திருந்தது. "கறுப்பாத்தானடே கிடக்கு? உருட்டுங்க" என்றார். அஸ்வதி வேண்டாம் என்று தலையாட்டினாள். அவள் தலையை யார் பார்த்தார்கள்? உருட்டினார்கள். மறுநாள் அது புட்டு மாவாக உதிர்ந்தது.

மாமா செருப்பு நுனியால் இடித்தார். "நிக்காதுன்னு சொன்னேனா இல்லியா?"

"ரோலருக்கு முன்னால நின்னது நாமதான் மாமா," என்றாள் இசபெல் அக்கா.

"அதத்தாம்ட்டி நானும் சொல்லுகேன். நின்னதுனாலதானே குட்டு வெளிப்பட்டுது."

தெரு அவருக்குத் தலையாட்டியது. அந்த வாரமே மழை பிடித்தது. இனி வேலை மழைக்குப் பிறகுதான் என்று அஸ்வதி வண்டிகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இசபெல் அக்கா மீன்பெட்டியைத் தலையில் தூக்கி, கறுத்த சேற்றில் கால் புதைய நடந்து பஸ் ஏறுகிறாள். மெயின் ரோட்டுப் பக்கம் முதலில் உருட்டிய துண்டு மட்டும் கல்லாகக் கிடக்கிறது. வெளியூர்க்காரர் யார் வந்தாலும் மாமா அதில் ஏறி நின்று காட்டுகிறார்: "இது நான் கிட்ட நின்னு போட வச்சது."

சிரித்துவிட்டீர்கள் அல்லவா? ஆனால் அந்தப் பெண் ஊரைக் கூட்டி முதலிலேயே விளக்கியிருக்கலாமே என்று நடுவில் உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஒரு பிடி கலவையை முன்கூட்டியே காயவைத்துக் காட்டியிருக்கலாம் என்றும் தோன்றியிருக்கும். இமல்ஷன் என்ற பெயரை இன்றைக்குத்தான் கேட்கிறீர்கள், எங்கள் தெருவைக் கண்ணால் பார்த்ததில்லை. இருந்தாலும் யோசனை வந்துவிட்டது, இல்லையா?

தயவுசெய்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். ரோலர் போகட்டும்.