கலாந்த்ரியாவின் புதிய பதிப்பு

மகள் யமிலாவின் பதினைந்தாவது பிறந்தநாள் விருந்துக்கு இசைப் பொறுப்பு முழுக்கத் தன்னுடையது என்று அதெமார் பெரெய்ரா சனிக்கிழமை காலை அறிவித்தார். மாத்தே தேநீர்க் கிண்ணத்தை மேசைமேல் டொக்கென்று வைத்துவிட்டுத்தான் அறிவித்தார். மரியாதையாகக் கேட்டது நாய் மட்டும்.

பைசாந்து நகரில் குடிநீர் அலுவலக குமாஸ்தா அவர். ஆனால் மனசுக்குள் லினக்ஸ் சாம்ராஜ்யத்தின் தளபதி. வேறு எந்த மென்பொருளும் அந்த வீட்டு வாசல்படி ஏற முடியாது. அவருடைய கணினியில் பாட்டுப் போடும் மென்பொருளுக்குக் கலாந்த்ரியா என்று பெயர். அதில் இருந்ததெல்லாம் டாங்கோ என்ற பழைய சோகப் பாட்டு. காதலி ஓடிப்போன டாங்கோ, காதலி திரும்பி வந்த டாங்கோ, வந்தவள் மறுபடி ஓடிப்போன டாங்கோ.

"அப்பா, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கும்பியா ஆட வர்றாங்க. இதைப் போட்டா துக்கம் விசாரிச்சிட்டுப் போயிடுவாங்க!" என்றாள் யமிலா.

"கும்பியாவா? என் கம்ப்யூட்டர்ல அந்தக் கூச்சல் நுழையாது!"

யமிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அவர் மனைவி மிர்த்தா மட்டும் சண்டைக்கு வரவில்லை. அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"உன் இஷ்டம், கிழவா" என்றாள். கல்யாணமான மறுநாளே அவர் அவளுக்குக் கிழவனாகிவிட்டார். அந்தப் பக்கத்தில் கொஞ்சுவது அப்படித்தான். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தப் புதுப் பதிப்பை மட்டும் தொடாத."

"எந்தப் புதுப் பதிப்பு?"

"கலாந்த்ரியாவோடதுதான். வந்திருக்காமே. அதெல்லாம் பெரிய நிபுணருங்க வேலையாம். பக்கத்து வீட்டு ருபேனோட மச்சான்கூடப் போட்டுப் பாத்துட்டு, முடியாம விட்டுட்டானாம்."

"அவனா? மவுஸுக்கு எந்தப் பக்கம் வாலுன்னே அவனுக்குத் தெரியாது!"

"கோவப்படாத. நமக்குப் பழசே போதும். நீ தொடாத."

இரண்டு தடவை 'தொடாத' என்று கேட்ட பிறகும் தொடாமல் இருக்க அவர் என்ன கல்லா? அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புதுப் பதிப்பை இறக்கி, நிறுவச் சொல்லிக் கட்டளை தட்டினார். முடியாது என்றது. மறுபடி தட்டினார். மறுபடியும் முடியாது. அதற்குள் மிர்த்தா ஒரு தட்டில் இறைச்சி அடைத்த எம்பனாடாவோடு எட்டிப் பார்த்தாள்.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஏதோ லைப்ரரி வேணுங்குது."

"சனிக்கிழமை லைப்ரரியை மூடிடுவாங்களே!"

"இது கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற லைப்ரரி!"

"உள்ளதான் இருக்குன்னா எடுத்துக்கயேன்."

"இருக்குறது பழசு! புதுசு வரணும்னா இதைத் தூக்கணும். இதைத் தூக்கினா, இதுமேல சாஞ்சு நிக்குற எல்லாமே விழும்!"

"உங்க அண்ணன் குடும்பம் மாதிரின்னு சொல்லு" என்று தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் கோபத்தில் தூக்கியேவிட்டார். 'இவற்றையும் சேர்த்து நீக்கவா?' என்று திரை நிறையப் பெயர்களைக் காட்டிக் கணினி பணிவாகத்தான் கேட்டது. தளபதிகள் பட்டியல் படிப்பதில்லை. 'ஆம்' என்றார்.

கலாந்த்ரியா புதுப்பெண் மாதிரி வந்து நின்றது. திரையில் வண்ண அலைகள் துள்ளின. சத்தம் மட்டும் இல்லை. நீக்கிய பட்டியலில் ஒலியும் போயிருந்தது. பெரிய ஹெட்ஃபோனைக் காதில் மாட்டி, மூச்சைப் பிடித்துக் கேட்டார். தன் இதயத் துடிப்புதான் கேட்டது. இணையத்தில் உதவி கேட்டார். ஒருவன் 'முதலில் கையேட்டைப் படி' என்றான். இன்னொருவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னான். கணினியை நிறுத்தி மறுபடி இயக்கினார். இப்போது அலையும் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் அவரைப் பார்த்துக் கண்ணடித்தது.

கதவு தட்டப்பட்டது. ஹெட்ஃபோனின் ஒரு காதை மட்டும் விலக்கினார்.

"புதுப் பதிப்பு எப்படி இருக்கு, கிழவா?"

"பதிப்பு இல்லடி, பாதிப்பு!"

"நான்தான் தொடாதன்னு சொன்னேனே."

"தெரியும்!"

"ரெண்டு தடவை சொன்னேன்."

"தெரியும்னு சொல்றேன்ல!"

"சரி சரி. ஹெட்ஃபோனை நல்லா அழுத்தி மாட்டிக்க. அப்பத்தான் சின்னச் சத்தம் வந்தாலும் கேக்கும்."

இந்த வீட்டில் தன் கஷ்டம் இவளுக்காவது புரிகிறதே என்று அதெமார் நெகிழ்ந்தார். அழுத்தி மாட்டிக்கொண்டார்.

ஜன்னலில் வெயில் சாய்ந்தது. விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். யமிலா புது கவுனில் நடுவில் நிற்பாள். பாட்டு இருக்காது. பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு நிகரான, ஒரே ஒரு பதினைந்தாவது பிறந்தநாளை ஊமையாக்கிவிட்ட தகப்பன் என்று ஊரே பேசும். 'மன்னிச்சிடும்மா' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். டாங்கோ மாதிரி இருந்தது. வேறு வழியில்லாமல் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

முரசு அதிர்ந்தது.

பின்பக்கத் தோட்டத்துக்கு ஓடினார். பலகை மேடை. வண்ண விளக்கு. பக்கத்து வீட்டு ருபேனின் கும்பியாக் குழு மொத்தமும் பூப்போட்ட சட்டையில் நின்றது. விருந்தாளிகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நீல கவுனில் யமிலா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

"எங்கப்பா போன? முதல் வால்ஸ் ஆட்டம் உன்கூடத்தானே! வா!"

வீட்டுச் செருப்போடு ஆடினார். கண் கலங்கியது. கலங்கி முடிவதற்குள் கும்பியா தொடங்க, இளசுகள் இடித்த இடியில் அடுப்போரம் போய்ச் சேர்ந்தார். அங்கே மிர்த்தா வாட்டிய இறைச்சியை ரொட்டிக்குள் வைத்து நீட்டினாள்.

"ருபேன்கிட்ட எப்ப பேசின?"

"மாசக்கணக்கா முன்னாடி, கார்னிவல் திருவிழா அப்பவே."

"காலைல சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ இங்கயே நாற்காலி போட்டு டாங்கோ போட்டிருப்ப. உன்னை ஒரு நாள் ரூமுக்குள்ள வைக்கணும். சும்மா இருன்னா இருக்குற ஆளா நீ?"

அதெமார் ரொட்டியைக் கடித்தார். மெல்லும்போதே அவள் திட்டத்தில் ஒரு ஓட்டை கண்டுபிடித்துவிட்டார். மார்பை நிமிர்த்தினார்.

"ஒருவேளை நான் அதைச் சரியாப் போட்டு முடிச்சு, மத்தியானமே வெளிய வந்திருந்தா? அப்ப என்ன பண்ணியிருப்பீங்க?"

மிர்த்தா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"அப்படி ஒண்ணு நடக்கும்னு எங்க யாருக்குமே தோணல, கிழவா."