அமலிக்குக் காது கேட்காது என்று நிரூபிக்கப் போன கதை

இருபத்திரண்டு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை. கப்பல் கேப்டன்களுக்குப் போகிற கடிதங்களை எல்லாம் நான்தான் அடிப்பேன் (அடிப்பது மட்டும்தான், எழுதுவது மேனேஜர்). அந்தத் தெம்பில், எங்கள் தெருவில் யாருக்கு ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போனாலும், யாருக்கு மணியார்டர் வராமல் போனாலும், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிடுவேன். காரியம் நடந்ததா என்று மட்டும் கேட்கக்கூடாது. கிளம்புவேன், அவ்வளவுதான்.

அப்படிக் கிளம்பியதிலேயே பெரிய காரியம் அமலியுடையது. அமலி என் அக்கா லூர்துவின் மகள். புதுத் துறைமுகம் திறந்த புதிதில் அவளுக்கு ஆறு வயது. காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. மற்றபடி கண், கை, கால், புருவம் எல்லாம் பேசும். என் கொண்டையில் பூ இல்லை என்றால் தெருமுனையிலேயே மறித்துக் கேள்வி கேட்கிற ரகம்.

அவள் அப்பா, எங்கள் மிக்கேல் அத்தான், சங்கு குளிக்கிறவர். கடலுக்கு அடியில் இருக்கிறவருக்கும் மேலே வள்ளத்தில் இருக்கிறவருக்கும் பேச்சுவார்த்தை எல்லாம் கயிற்றில்தான். ஒரு இழுப்பு இழுத்தால் ‘தூக்கு’, ரெண்டு இழுத்தால் ‘இன்னும் விடு’. அத்தான் அந்தப் பாஷையையே மகளுக்கும் பழக்கி வைத்திருந்தார். கவுனைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் திரும்புவாள். கையைப் பிடித்திருக்கும்போது நம் விரல் லேசாக அசைந்தால் போதும், ‘என்ன?’ என்று முகத்தைப் பார்த்துவிடுவாள். வீட்டில் எல்லோரும் இந்த இழுப்புக்குப் பழகிப்போய், அக்கா என்னைக் கூப்பிடுவதற்குக்கூட முந்தானையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாரமே ஒன்றாம் வகுப்பு டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார். “கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கா. அறுவது பிள்ளைய வச்சிக்கிட்டு இவள மட்டும் நான் எப்படிப் பாக்க?” என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆனால் அமலிக்கு அது புரியவில்லை. தினமும் காலையில் சிலேட்டுப் பையை மாட்டிக்கொண்டு தெருப் பிள்ளைகளோடு பள்ளிக்கூட வாசல்வரை போவாள். கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் அவளை மட்டும் நிறுத்தித் திருப்பி விடுவார். வீட்டுக்கு வந்து பையைக் கழற்றாமல் மத்தியானம்வரை உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கத் தாங்காமல் அக்கா அடுப்படியில் போய் நின்றுகொள்வாள்.

பாளையங்கோட்டைப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இருப்பதாகப் பங்குச் சாமியார் சொன்னார். (அப்போது அதற்கு வேறு பேர் சொல்வார்கள். அந்தப் பேரை இப்போது எழுதினால் அமலி என் பேனாவைப் பிடுங்கி உடைப்பாள்.) தங்கிப் படிக்கலாம், எழுதச் சொல்லித் தருவார்கள், கைப் பாஷையும் வரும். போய் விசாரித்தோம். ஒரே ஒரு இடம் இருந்தது. ஜூன் மாதத்துக்குள் சர்க்கார் டாக்டரிடம் சோதித்து, காது கேட்காது என்று சர்டிபிகேட் கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்வோம், இல்லையென்றால் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும் என்றார்கள்.

இதென்ன பெரிய விஷயம் என்று அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். (எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். படித்து முடித்தால் காரணம் தெரியும்.) காது டாக்டர் இளவயசுக்காரர். அமலியை அக்கா மடியில் உட்காரச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று ஒரு மணியை அடித்தார். அமலி திரும்பிப் பார்த்தாள். மறுபடி அடித்தார். மறுபடி திரும்பினாள். “பிள்ளைக்குக் காது நல்லா கேக்குதும்மா. வெறும் பிடிவாதம். ரெண்டு போடு போடுங்க, பேச்சு தானா வரும்” என்றவர், சர்டிபிகேட் கிடையாது என்று அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் முழுக்க அக்கா அமலிக்குப் பின்னால் நின்று, “அமலி... ஏளா அமலி...” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒருவேளை டாக்டர் சொன்னது உண்மையாக இருந்துவிடாதா என்று. அமலி பாட்டுக்குச் சோழி உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

“விடு அக்கா. நான் அப்பீல் பண்ணுதேன்” என்றேன்.

“அப்பீலா? அதுக்குக் கோர்ட்டுக்கில்லா போணும்?” என்றாள் அக்கா.

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரி” என்றேன். (எனக்கும் ஒன்றும் தெரியாது.)

அதே ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் தலைமையில் மாதம் ஒருமுறை போர்டு கூடும், அங்கே மனுப் போடலாம் என்று கம்பவுண்டர் சொன்னார். ஆபீஸ் மெஷினிலேயே மனுவை அடித்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் கப்பல் ஆங்கிலம். சரக்கு சேதாரமாகி வந்தால் கம்பெனிக்கு எழுதுவோமே புகார்க் கடிதம், அதே நடை. மேற்படி டாக்டர் சரியாகப் பரிசோதிக்காமல் பொருளை நல்ல நிலையில் இருப்பதாக அறிவித்துவிட்டார், மறு ஆய்வு செய்து சேதத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வெளுத்து வாங்கியிருந்தேன். அந்த மனுவில் அமலி ஏறக்குறைய ஒரு நனைந்த சிமெண்டு மூட்டை. பெரிய டாக்டர் அதைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டாராம், யார் இந்த அம்மாள் என்று பார்ப்பதற்காகவே.

போர்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் யோசித்தேன். (இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எங்கள் வீட்டில் இன்றும் நடுங்குவார்கள்.) அந்த டாக்டரின் மணி சின்ன மணி. பெரிய சத்தமாக ஒன்று, யாரும் மறுத்துப் பேச முடியாத சத்தமாக ஒன்று வேண்டும். மிக்கேல் அத்தானிடம் ஒரு பழைய சங்கு இருந்தது. வள்ளங்கள் விலகிப்போனால் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்வதற்காக நுனி அறுத்து வைத்தது. முற்றத்தில் அமலியைத் தனியாக உட்கார வைத்து, பின்னாலிருந்து ஊதிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அமலி அசையவில்லை. “இது போதும்!” என்று துவாலையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அத்தான் மட்டும், “ஏ பிலோ, ஆசுபத்திரியில போயி எதுக்கு இது?” என்று இழுத்தார்.

“அத்தான், நீங்க கடலப் பாருங்க, ஆபீசு விஷயத்த நான் பாத்துக்கிடுதேன்” என்று அடக்கிவிட்டேன்.

போர்டு நடந்த அறையை ஒட்டி ஆண்கள் வார்டு. நடுவில் பாதிச் சுவர், அதற்கு மேல் ஒரு பச்சைத் திரை. மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நரைத்த மீசையோடு பெரிய டாக்டர், ஓரத்தில் நம்ம காது டாக்டர். பிள்ளையோடு ஒருத்தர்தான் வரலாம் என்றார்கள். அக்காவையும் அத்தானையும் வாசலில் நிறுத்திவிட்டு நான் உள்ளே போனேன். அமலியை மடியில் வைத்து, ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். காது டாக்டர் பின்னால் போய் மணியை அடித்தார்.

அமலி திரும்பினாள்.

மறுபடி அடித்தார். மறுபடி திரும்பினாள். தட்டில் கரண்டியால் தட்டினார். அதற்கும் திரும்பினாள். போதாக்குறைக்கு அவரைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

“என்னம்மா, நல்லாத்தானே கேக்குது?” என்றார் பெரிய டாக்டர்.

வீட்டிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு போன ஆங்கிலம் முழுக்க ஆவியாகிவிட்டது. “சார், அவ கேக்குற மாதிரி நடிக்கா சார்!” என்றேன்.

காது டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “கேக்காத மாதிரி நடிக்கிற பிள்ளைய நிறையப் பாத்திருக்கேன். கேக்கிற மாதிரி நடிக்கிற பிள்ளைய இன்னைக்குத்தான் பாக்கேன்!” என்றார். பெரிய டாக்டர் பேனாவைத் திறந்தார். மனுவை மறுக்கிறேன் என்று எழுதப் போகிறார். வாசலில் அக்காவின் முகம் தெரிந்தது. அவ்வளவுதான், எனக்குக் கண்மண் தெரியவில்லை. அமலியை மடியிலிருந்து இறக்கி, ஜன்னலோரம் இருந்த பெஞ்சில் வெளியே பார்த்த மாதிரி உட்கார வைத்தேன். பைக்குள் கையை விட்டேன். சங்கை எடுத்தேன். ஊதினேன்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே ஊதினேன்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “ஐயோ, போயிட்டியளா! என்ன விட்டுட்டுப் போயிட்டியளா!” என்று ஒரு ஓலம். தொடர்ந்து இன்னொரு ஓலம். அப்புறம் வார்டு முழுக்க.

எங்கள் தெருவில் சாவுக்கு மாதா கோவில் மணிதான் அடிக்கும். சங்கு எங்களுக்குக் கடல், சோறு, அத்தானுடைய தொழில். மற்றவர்கள் வீட்டில் எழவுக்குச் சங்கு ஊதுவார்கள் என்பது எனக்குத் தெரியாதென்று சொல்லமாட்டேன். பிறந்ததிலிருந்து இதே ஊரில் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன். தோன்றவில்லை, அதுதான் விஷயம். ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டுக்குப் பக்கத்தில் நின்று முழு மூச்சில் சங்கு ஊதுகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திரை பிய்ந்து விழுந்தது. குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்த விளாத்திகுளத்து மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தன் நெஞ்சில் விழுந்து அழுகிற மனைவியை உலுக்கிக்கொண்டிருந்தார். “ஏளா, நான் இங்கனதான இருக்கேன்! கண்ணத் தொறந்து பாரு! எவம்ல சங்கு ஊதுனது?” வார்டு பையன் ஓடினான், நர்சு ஓடினார், ரெண்டு நோயாளிகள் குளுக்கோஸ் பாட்டிலோடு ஓடினார்கள். காது டாக்டர் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். (ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.) நான் சங்கை வாயிலிருந்து எடுக்கக்கூடத் தோன்றாமல், கன்னம் உப்பினது உப்பினபடி நின்றேன்.

பெரிய டாக்டர் மட்டும் அசையவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அமலி, தூசி படிந்த கண்ணாடியில் விரலால் மீன் வரைந்துகொண்டிருந்தாள். ஓடின ஆட்களில் யாரோ பெஞ்சில் இடித்த பிறகுதான் நிமிர்ந்து திரும்பினாள்.

அமளி அடங்கியதும் அவரே மணியை எடுத்துக்கொண்டார். அமலியை மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பி, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு அடித்தார். திரும்பவில்லை. காதுக்குப் பக்கத்திலேயே அடித்தார். மீனுக்கு வால் போட்டுக்கொண்டிருந்தாள். “இப்ப நீ அவ கையைப் பிடிச்சுக்கோம்மா” என்றார். பிடித்தேன். அடித்தார். அமலி திரும்பினாள்.

“மணி அடிச்சா துள்றது நீ. அந்தத் துள்ளல் உன் கை வழியா அவளுக்குப் போயிருது” என்றார் பெரிய டாக்டர். “நாங்க இத்தனை நேரமும் உன் காதைத்தான்மா சோதிச்சிருக்கோம். அது பிரமாதமா இருக்கு. வேணும்னா உனக்கும் ஒரு சர்டிபிகேட் தாரேன்.”

அக்கா மடியில் வைத்திருந்தபோதும் இதேதான் நடந்திருக்கிறது. கயிற்றுப் பாஷையில் வளர்ந்த பிள்ளை, நம் கை சொன்னதைக் கேட்டிருக்கிறாள், நாங்கள்தான் அறியாமல் கெடுத்திருக்கிறோம். பெரிய டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரெண்டு காதும் கேட்காது என்று அவர் சொல்லச் சொல்ல, அக்கா வாசலில் நின்று அழுதாள். சர்டிபிகேட் கிடைத்ததே என்று பாதி, சாயங்காலம் முழுக்கக் கூப்பிட்டது வீணாகப் போனதே என்று பாதி. அந்த அழுகையைப் பார்த்து எனக்கும் அடக்க முடியவில்லை.

வார்டில் கட்டில் கட்டிலாகப் போய் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உத்தரவானது. விளாத்திகுளத்து அம்மாள், “தாலியறுக்கவே வந்தியா நீ!” என்று என்னை அடிக்கக் கை ஓங்கினார். அண்ணாச்சிதான் தடுத்தார். “விடுளா பாவம். கல்யாணம் ஆன நாள்லருந்து நீ எனக்காவ அழுது நான் பாத்ததில்ல. இந்தப் பிள்ள புண்ணியத்துல பாத்துட்டேன்” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தையல் விட்டுவிடும் என்று நர்சு அதட்டினார்.

ஜூனில் அமலி பாளையங்கோட்டைக்குப் போனாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது வீட்டில் எல்லோருக்கும் கைப் பாஷையில் பேர் வைத்திருந்தாள். அக்காவுக்கு மூக்குத்தி. அத்தானுக்கு மூக்கைப் பொத்தி முங்குவது. எனக்கு ரெண்டு கையையும் வாயில் குவித்து, கன்னத்தை உப்பி, கண்ணைப் பிதுக்குவது. சங்கு ஊதியதைத்தான் சொல்கிறாள் என்று எனக்குள்ளே ஒரு பெருமை. அவளுக்காக நான் போட்ட சண்டையைப் பிள்ளை மறக்கவில்லையே என்று கண் கலங்கிப்போனேன். அவள் கல்யாணத்தில் நான் மேடை ஏறியதும், அவளோடு படித்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கன்னத்தை உப்பி எனக்கு வணக்கம் சொன்னார்கள். ராணி மாதிரி கையசைத்தேன்.

போன வருஷம்தான் பேச்சுவாக்கில் அந்தப் பேருக்கு அர்த்தம் கேட்டேன். இப்போது அவள் அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர், தலை நரைத்துவிட்டது. காகிதத்தை எடுத்து எழுதிக் காட்டினாள். ‘அன்றைக்குக் காலையில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. யாரோ இடித்தார்கள், திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் பசியில் அழுகிறார்கள், ஓடுகிறார்கள். நீ மட்டும் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பெரிய வெள்ளைப் பலகாரத்தை, யாருக்கும் தராமல் ஒரே வாயில் திணித்துக்கொண்டு நின்றாய்.’

அது சங்கு என்று பிற்பாடு தெரிந்ததாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அதற்குள் சொல்லியாகிவிட்டதாம், பேரும் நிலைத்துவிட்டதாம், இனிமேல் மாற்ற முடியாதாம். இன்றைக்கும் நான் அவள் வீட்டுக்குப் போனால் அமலியும் அவள் புருஷனும் பிள்ளைகளும் கன்னத்தை உப்பி வரவேற்பார்கள். அப்புறம் பலகாரத் தட்டைக் கொண்டுவந்து, என் கைக்கு எட்டாத தூரத்தில் வைப்பாள்.