வெடிக்காத பூசணிப் பை

அன்பும் மரியாதையும் உள்ள ஜோலீன் அக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி பதினேழு நிமிடத்துக்கு உங்கள் செய்தி வந்து சேர்ந்தது: "அப்பா தேங்க்ஸ்கிவிங்குக்கு உன் வீட்டுக்குத்தான் வர்றாராம். வில்மா அத்தையும் கர்ட்டும் கூட வர்றாங்க. வான்கோழிய அவங்க பாத்துக்குவாங்க. பூசணிப் பை மட்டும் நீ செஞ்சிரு." அலாஸ்காப் பனியும் ஆஸ்பத்திரி வேலையும் உங்களை அதிகம் வாட்டாமல் இருக்கட்டும், அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்கட்டும் என்று முறைப்படி கேட்டுக்கொண்டு, அதே மூச்சில் உங்களோடு சண்டைக்கும் வருகிறேன். ஏனென்றால் அந்தச் செய்தியில் நீங்கள் ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை.

உங்கள் அப்பா, என் மாமா, இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்து எவ்வளவு நாளாயிற்று என்று உங்களுக்கே தெரியும். மார்ச்சில் என் டெஸ்ஸாவை, உங்கள் தங்கையை, அடக்கம் செய்த அன்று கல்லறையில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், அவ்வளவுதான். அதற்கப்புறம் மாதம் ஒருமுறை வண்டி நிறைய விறகு கொண்டுவந்து வாசலில் இறக்குவார், இன்ஜினை அணைக்க மாட்டார், நான் காபி போடவா என்று கேட்பதற்குள் மக்காச்சோளக் காட்டுக்கு அந்தப்பக்கம் போயிருப்பார். என் வீட்டில் குளிர்காய்கிற விறகடுப்பு எரிவதே வாரத்தில் இரண்டு நாள்தான், விறகு மட்டும் கூரை உயரத்துக்கு நிற்கிறது. அப்படிப்பட்டவர் வருகிறார் என்றால், அவர் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. டெஸ்ஸா இல்லாத வீடு அவருக்கு யாரோ ஒருவனுடைய வீடாகிவிடக்கூடாது. அதற்கு என் கையில் இருந்தது, மாவு ஓட்டில் பூசணிக்கூழும் முட்டையும் ஊற்றிச் சுடுகிற அந்த ஒரே ஒரு பை.

நான் இந்த ஊர் பூசணி ஆலையில் வெப்பமானிகளைச் சரிபார்க்கிறவன். இல்லினாய் முழுக்க விளைகிற பூசணி என் கண்முன்னால் வெந்து டின்னுக்குள் போகிறது. ஒரு பை செய்ய முடியாதா என்று நினைத்தேன். புதன்கிழமை காலை முதல் பையில் கலவையை விளிம்புவரை ஊற்றி, அடுப்புக்குள் தள்ளும்போது பாதியைத் தரையில் கொட்டி, மீதியை அடுப்பின் அடியில் கொட்டி, அது கருகி, புகை எச்சரிக்கை மணி அலறி, நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்து, எதிர்வீட்டுக்காரர் தீயணைப்பானோடு ஓடிவந்து, வந்தவர் மோந்து பார்த்துவிட்டு லவங்கம் கொஞ்சம் தூக்கல் என்று கருத்துச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது பை நன்றாகத்தான் வந்தது, வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கை துடைத்துத் திரும்பினால் நடுவில் ஒரு வெடிப்பு, மழை பார்க்காத ஏரி மாதிரி. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. இது சமையல் இல்லை, இது முட்டை. முட்டைக்கு ஒரு வெப்பம் உண்டு, அதைத் தாண்டினால் அது தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், இறுகினால் கிழியும். மூன்றாவது பையின் நடுவில் ஆலையில் பயன்படுத்தும், குறித்த சூடு வந்ததும் போனில் கூப்பிடுகிற நுனி வெப்பமானியைச் செருகினேன், நூற்று எழுபத்தைந்து பாரன்ஹீட்டில் அடுப்பை அணைத்தேன், கதவை ஒரு மரக்கரண்டி அகலத்துக்குத் திறந்து வைத்து, உள்ளேயே ஆறவிட்டேன். அக்கா, வெளியே எடுத்தபோது என் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. ஒரு கீறல் இல்லை. வெப்பமானி செருகிய துளைகூட மூடிக்கொண்டுவிட்டது. தட்டை அசைத்தால் நடுவில் மட்டும் மெதுவாக ஓர் அசைவு, தூங்குகிற குழந்தையின் வயிறு மாதிரி. மார்ச் மாதத்துக்குப் பிறகு நான் ஒன்றைப் பார்த்து ஆச்சரியப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் அது வெறும் பை. டெஸ்ஸாவின் பை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் வந்த முதல் பண்டிகையில் மாவிலேயே மேப்பிள் இலைகள் வெட்டி, கத்தி நுனியால் நரம்பு கீறி, உதிர்ந்து கிடக்கிற மாதிரியே மேலே பரப்பியிருந்தாள். அடுத்த வருடம் மேப்பிள் பாகு சேர்த்து அடித்த க்ரீம், அதன்மேல் இஞ்சி பிஸ்கட் தூள். அதற்கடுத்து வெள்ளைக்கருவை நுரையாக அடித்து மலை மலையாக எழுப்பி, குழாய் பற்றவைக்கிற என் நெருப்பு டார்ச்சை எடுத்துச் சிகரங்களைப் பழுப்பாக்கினாள். பிறகு சர்க்கரையில் புரட்டிய கிரான்பெரிப் பழங்களை வளையமாக வைத்தாள், பனியில் விழுந்த மணிகள் மாதிரி மின்னின. கடைசி வருடம் பீக்கன் பருப்பைக் காய்ச்சிய சர்க்கரையில் உறையவைத்து, கண்ணாடிபோல் உடைத்துச் செருகியிருந்தாள். இவள் ஒரு கலைஞி, தெரியாத்தனமாகக் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். என் பைக்கு மேலே என்ன போடுவது என்று வில்மா அத்தைக்குப் போன் செய்தேன். அத்தை கேட்ட முதல் கேள்வி, "வெடிச்சிருச்சா?" என்பதுதான். இல்லை அத்தை, சுத்தமாக வந்திருக்கிறது என்றேன். "அப்ப மேல எதுக்குப்பா?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வியாழன் மதியம் மூவரும் வந்தார்கள். மாமா கோட்டைக் கழற்றாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி. வான்கோழி இரண்டு வாய், உருளைக்கிழங்கு ஒரு வாய். டெஸ்ஸா உட்காரும் இடத்தில் வில்மா அத்தையின் மகன் கர்ட் தெரியாமல் உட்கார்ந்து, தெரிந்ததும் எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான். நான் பையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன்.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். பாராட்டுக்கு வார்த்தை தேடுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"கடைல வாங்கிட்டியா மச்சான்?" என்றான் கர்ட்.

எனக்கு வந்த கோபத்துக்கு, நூற்று எழுபத்தைந்து பாரன்ஹீட்டிலிருந்து ஆரம்பித்து முட்டைப் புரதம் வரைக்கும் நின்றபடியே ஒரு வகுப்பு எடுத்தேன். மாமா நாற்காலியைப் பின்னால் தள்ளி, பாக்கெட்டில் வண்டிச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் வகுப்பைப் பாதியிலேயே நிறுத்தினேன். கண்முன்னால் போகப்போகிறார், நான் முட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வில்மா அத்தைதான் மெதுவாகச் சொன்னார். "உனக்கு நெசமாவே தெரியாதா நோலன்? நம்ம வீட்ல பை வெடிச்சாத்தான் மேல ஏதாச்சும் வைப்போம். மூடறதுக்கு. அவ ஒரு வருசம்கூட வெடிக்காம சுட்டதில்லப்பா."

அக்கா, நான் உட்கார்ந்துவிட்டேன். இலை, க்ரீம், மலை, பழம், கண்ணாடி, அத்தனையும் மூடி! மேசையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும், நீங்களும் அந்த மேசையில் இருந்திருக்கிறீர்கள். வருடா வருடம் எல்லோரும் இலையைப் புகழ்ந்தீர்கள், பனியைப் புகழ்ந்தீர்கள், ஒருத்தர்கூட அடியில் என்ன என்று கேட்கவில்லை. வெடிப்பு பெரிதாக ஆக ஆக அலங்காரமும் பெரிதாகியிருக்கிறது. என் மனைவி இத்தனை பேருடைய வாயை இவ்வளவு அன்பாக அடைத்து வைத்திருந்தாள் என்று நினைக்க நினைக்க எனக்குப் பிரமிப்பாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அப்போது மாமா பேசினார். என்னைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்துப் பேசினார்.

"அது என்னாலதான். அடுப்புல வெச்சிட்டு எனக்குப் போன் பண்ணுவா. பைய எடுக்கணும்ப்பா, எடுக்கணும்ப்பான்னு சொல்லிக்கிட்டே பேசுவா. போனை வைக்க மாட்டா. நானும் வைன்னு சொன்னதில்ல."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். டிராக்டர் சாவி திருப்புகிற அந்தப் பெரிய கட்டைவிரலை என் பையின் நடுவில் வைத்து அழுத்தினார். விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரு வெடிப்பு ஓடியது. விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"இப்ப மூடு," என்றார்.

அப்புறம் நடந்ததை நான் என்னவென்று எழுத? வில்மா அத்தை கைப்பையைத் திறந்து சர்க்கரையில் ஊறிய இஞ்சியை எடுத்தார். ஒவ்வொரு வருடமும் டெஸ்ஸாவுக்குக் கைகொடுக்க வேண்டியிருந்தால் ஆகட்டும் என்று கொண்டுவருவாராம், பழக்கத்தில் இந்த வருடமும் வந்துவிட்டது என்றார். கர்ட் வண்டியிலிருந்து மார்ஷ்மெல்லோ மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து, என் டார்ச்சைத் தேடி எடுத்து, அவற்றைப் பழுப்பாக்குகிறேன் என்று மேசைவிரிப்பின் ஓரத்தையும் பழுப்பாக்கினான். நான் க்ரீம் அடித்தேன், அது வெண்ணெயாகிவிட்டது, அதையும் வைத்தோம். மாமா பீக்கன் பருப்பை எடுத்துச் சோளம் நடுகிற மாதிரி வரிசை பிடித்து, ஒவ்வொன்றாக, இடைவெளி பார்த்து ஊன்றினார். ஒரு வரிசை கோணலாக இருக்கிறது என்று கர்ட் சொன்னதற்கு, உன் வயலைப் போய்ப் பார் என்றார். முடிந்தபோது அது கண்காட்சியில் பரிசு வாங்கிய கோழி மாதிரி இருந்தது. மாமா இரண்டு துண்டு சாப்பிட்டார். இரண்டாவது துண்டுக்கு முன்னால் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

இவ்வளவு பாடுபட்டும் எனக்கு மிஞ்சியது கருகிய விரிப்பும், க்ரீம் தெறித்த கூரையும்தான். அதனால் இதன்மூலம் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், நான் இனி ஆயுளுக்கும் பை செய்வதாக இல்லை. டின்னில் அடைப்பதோடு பூசணிக்கும் எனக்கும் உள்ள உறவு முடிந்தது. பாத்திரத்தை எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடப்போகிறேன். கிறிஸ்துமஸுக்கு யாரும் என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம், யாரும் வரவும் வேண்டாம், நான் தனியாக நிம்மதியாக இருந்துகொள்வேன். ஒரு வரி சேர்க்காத உங்களை இந்த ஜென்மத்தில் மன்னிப்பதாகவும் இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தம், உங்கள் நோயாளிகளுக்குச் சீக்கிரம் வீடு.

என்றும் உங்கள்,
நோலன்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை. கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. மாமா வந்திருக்கிறார். விறகு கொண்டுவரவில்லை, சும்மா வந்திருக்கிறார், இன்ஜினை அணைத்துவிட்டார். அடுப்பில் நாலாவது பை இருக்கிறது. டெஸ்ஸா ஏழு வயதில் ஆலைப் பூசணி வண்டியில் ஏறி ஒளிந்துகொண்டதைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார், பாதிதான் வந்திருக்கிறது. பையை எடு, எடு என்று வெப்பமானி என் போனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. போனை அணைத்துவிட்டேன்.