ரோபோவுக்கு நான் வைத்த பொட்டு

நான் பகுத்தறிவுவாதி. அதுவும் சொந்தக் காரியம் எதுவும் நடக்க வேண்டியிராத நாட்களில் மிகத் தீவிரமான பகுத்தறிவுவாதி. ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் கேன்டீனில், ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் பொரியைக் கொறித்தபடியே, "மெஷினுக்கு எதுக்குய்யா பொட்டு?" என்று அரைமணி நேரம் பேசுவேன். (பொரி தீர்ந்ததும் பேச்சும் தீர்ந்துவிடும்.)

அப்பேர்ப்பட்டவனைக் கவிழ்த்தது ஜெனரல் ஷிஃப்ட் ஆசை. பதினெட்டு வருஷம் ஏ, பி, சி என்று மூன்று ஷிஃப்டிலும் மாறி மாறி உழைத்ததில், எது இட்லி நேரம், எது சோற்று நேரம் என்பதே என் வயிற்றுக்கு மறந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனி, முதியோருக்குத் துணையாக இருக்கும் ரோபோ ஒன்றைச் செய்தது. இடுப்பு உயரம், வெள்ளை உடம்பு, மூன்று சக்கரம். வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போலத் தமிழ் பேசும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நடந்த தொழில்நுட்பக் கண்காட்சியில் அதை இயக்கிக் காட்டும் பொறுப்பு எனக்கு.

"முதியோர் இல்லம் நடத்துறவங்க ரெண்டு பேர் வர்றாங்க தணிகாசலம். நல்லபடியா முடிச்சிட்டீங்கன்னா டெமோ டிபார்ட்மென்ட் உங்களுக்குத்தான். ஜெனரல் ஷிஃப்ட்!" என்றார் பிளான்ட் ஹெட்.

ரோபோவில் ஒரு முதியவரைப் பதிவு செய்யவேண்டும். அவர் முகத்தை அது பார்த்துக்கொண்டே இருக்கும். சற்று நேரம் காணாவிட்டால், மனுஷன் விழுந்துவிட்டான் என்று முடிவுகட்டி வீட்டுக்குப் போன் செய்யும்.

"சார், முதியவருக்கு யார் மூஞ்சியப் போடறது?" என்று கேட்டாள் இன்ஜினியர் ஸ்டெல்லா.

"என்னுதையே போடும்மா." (வயது நாற்பத்தேழு.)

"கரெக்டா இருக்கும் சார்."

அவள் ஒரு விநாடியாவது யோசித்திருக்கலாம். போன் நம்பருக்கு, மண்ணூர் வீட்டிலிருக்கும் என் மனைவி மல்லிகாவின் நம்பரைக் கொடுத்தேன். அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

கண்காட்சியன்று காலை ஸ்டெல்லா டீ குடிக்கப் போனாள். என் பகுத்தறிவும் கூடவே போய்விட்டது. பூஜை போடாமல் எங்கள் லைனில் எந்தப் புது மெஷினும் ஓடியதில்லை. இதிலோ என் ஜெனரல் ஷிஃப்டே தொங்குகிறது. பையில் (தற்செயலாகத்தான்!) சந்தனம், குங்குமம், ஓர் எலுமிச்சம்பழம். சக்கரத்தடியில் பழத்தை வைத்துத் தள்ளினேன். அந்த எடைக்கெல்லாம் நசுங்க முடியாது என்று பழம் அடம்பிடித்தது. நானே ஷூ காலால் மிதித்தேன். பிறகு ரோபோவின் நெற்றியில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். லட்சணமாக இருந்தது. பொட்டு வைக்குமுன் அந்த இடத்தில் சட்டைப் பொத்தான் அளவில் கறுப்பாக ஏதோ இருந்தது. அலங்காரம் என்று நினைத்தேன். (கேமரா.)

விருந்தினர்கள் வந்தார்கள். நான் ரோபோவை ஆன் செய்து, அதன் முன்னால் போய் நின்று கைகூப்பினேன்.

"ஐயா, எங்கே இருக்கிறீர்கள்?" என்றது.

"இங்கதான் இருக்கேன்."

"ஐயா, எங்கே இருக்கிறீர்கள்?"

சொல்லிவிட்டு என்னைத் தேடிக் கிளம்பிவிட்டது. பக்கத்து ஸ்டாலில் தரை பெருக்கிக்கொண்டிருந்த குட்டி ரோபோவின்மேல் மோதி, திரும்பி, அரங்கமே கேட்கும்படி அறிவித்தது: "முதியவர் தணிகாசலம் கீழே விழுந்துவிட்டார்! முதியவர் தணிகாசலம் கீழே விழுந்துவிட்டார்!"

"விழலை! நிக்கிறேன் பாரு!" என்று கத்திக்கொண்டே அதன் பின்னால் ஓடினேன். டீக் கோப்பையோடு ஓடிவந்த ஸ்டெல்லா அதன் நெற்றியைப் பார்த்தாள். "சார்! இன்னா சார், கேமராமேல பொட்டு வெச்சிகினு!" என்று துப்பட்டாவால் துடைத்தாள். ரோபோ என்னைப் பார்த்து, "ஐயா, நலமா?" என்றது.

ஆனால் அதற்குள் வீட்டுக்குப் போன் போய்விட்டது. மல்லிகாவைக் கூப்பிட்டால் லைன் பிஸி. சொந்தபந்தங்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஸ்டெல்லாவே மீதி டெமோவை நடத்தினாள். இருபதாவது நிமிஷம், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் சூழ, ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள் என் மனைவி.

"ஐயோ, எங்க வுழுந்தாரு? எங்க கீறாரு?"

நான் விருந்தினர்களுக்கு வைத்திருந்த முந்திரி பிஸ்கட்டை அப்போதுதான் கடித்திருந்தேன்.

அழுகை நின்றது. மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "நல்லாத்தான் நின்னுகினு கீறீங்க. எங்கண்ணன் மறைமலை நகர்லேர்ந்து ஆம்புலன்ஸ் புடிச்சிகினு வர்றான். அவன்கிட்ட இன்னா சொல்றது?"

"அது... டெமோ மல்லிகா. சும்மா முதியவர்னு..."

"நீங்க முதியவருன்னா நான் இன்னா, மூதாட்டியா?"

விருந்தினர்கள் கைதட்டாத குறை. "போன் போன இருபது நிமிஷத்துல குடும்பமே வந்து நிக்குதே!" என்று வியந்து அங்கேயே ஆர்டர் கொடுத்தார்கள். டெமோ டிபார்ட்மென்ட் ஸ்டெல்லாவுக்குப் போனது. "உங்களுக்கு லைன்லதான் அனுபவம் ஜாஸ்தி," என்று என்னை பி ஷிஃப்டுக்கே அனுப்பிவைத்தார் பிளான்ட் ஹெட்.

இப்போதும் சாயங்கால டீ நேரத்தில் வீட்டுக்குப் போன் செய்கிறேன். மல்லிகா 'ஹலோ' சொல்வதில்லை.

"வுழுந்துட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப வெச்சிடுங்க. சீரியல் ஓடுது."