எலுமிச்சம்பழம் உருளும் பக்கம்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலேயே தரையைத் தரை என்று நம்பாத ஒரே மனிதர் மேடுபள்ளம் அங்கிள்தான். நில அளவை வேலையில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். சட்டைப் பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அதைத் தரையில் உருட்டுவார், பிறகுதான் காப்பி. ஒரு கல்யாணத்தில் மணவறைக்கு முன்னால் உருட்டிவிட்டு, "மாப்பிள்ளை பக்கம் ரெண்டு அங்குலம் பதிவு, பள்ளம்" என்றார். பெண் வீட்டாருக்கு ஒரு வாரம் பெருமையில் தலைகால் புரியவில்லை.

நாங்கள் அந்தச் சந்துக்குக் குடிவந்தபோது என் மகளுக்கு மூன்று மாதம். அவர் எங்கள் வாசலில் உருட்டிய பழம் நேராக உள்ளே வந்து, தொட்டிலுக்குக் கீழே நின்றது.

"பிள்ளை, நீ கிண்ணத்துக்குள்ள குடியிருக்கிறாய்."

அன்றோடு என் தூக்கம் போயிற்று. வெள்ளம் வந்தால் என்று தொட்டிலை ஒரு முழம் உயர்த்திக் கட்டினேன். குழந்தை விழுந்துவிட்டால் என்று இறக்கினேன். மறுபடி உயர்த்தினேன்.

"விடு லா, ரிட்டையர் ஆன மனுஷன், பொழுது போகல" என்றார் கணவர்.

ஒரு பிற்பகல், அடைமழை. கணவர் வேலையில் இருந்தார். சந்து முனையிலிருந்து யாரோ சட்டியைத் தட்டும் சத்தம். கதவைத் திறந்தால் வாசலில் தண்ணீர். குழந்தையை அள்ளிக்கொண்டு பெரிய ரோட்டுப் பக்கம் ஓடினேன். அங்கேதான் நாலு மாடிக் கடைகள் இருந்தன. கையில் சட்டியோடு அங்கிள் மறித்தார்.

"எங்க போறாய்?"

"மேட்டுக்குப் போறேன் அங்கிள்!"

"கட்டடம்தான் உயரம், நிலம் பள்ளம்! பின்னால பந்தடிக்கிற திடலுக்குப் போ."

"அது தட்டையாத்தானே இருக்கு?"

அவர் பழத்தை எடுத்துத் தண்ணீரில் விட்டார். அது ஆடி ஆடிப் பெரிய ரோட்டை நோக்கிப் போனது. கையில் குழந்தை நடுங்க, நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"பாத்தியோ? தண்ணிக்குக் கட்டடம் தெரியாது. ஓடு!"

ஓடினேன். திடலில் என் கணுக்கால்கூட நனையவில்லை. அங்கிருந்து பார்த்தால், பெரிய ரோட்டில் கார்களின் கூரை மட்டும்தான் தெரிந்தது.

வெள்ளம் வடிந்தபின் அவர் வீட்டுக்குப் போனேன். பெரிய ரோட்டை ஒட்டிய கடைசி வீடு. ஜன்னல் உயரத்துக்குச் சேறு.

"எல்லாம் தெரிஞ்ச நீங்க, இருக்கிறதுலயே பள்ளமான வீட்ல ஏன் அங்கிள் இருக்கீங்க?"

இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "முதல்ல எனக்கு வந்தாத்தானே பிள்ளை, உங்களுக்குச் சொல்லலாம்."

இப்போது நாங்கள் வேறு ஊரில், கிள்ளானில், நான்காவது மாடியில் இருக்கிறோம். மழை வந்தால் ஓடி ஓடி எல்லா ஜன்னலையும் சாத்துவேன். ஒன்றை மட்டும் விட்டுவிடுவேன். சட்டிச் சத்தம் கேட்க வேண்டுமே.