நுளம்புக்குப் பிணை கொடுத்த தவணை சேர்

யுத்தத்தின் கடைசி வருசங்களை ஒரு நுளம்பைக்கூட அடிக்காமல் திருகோணமலையில் கழித்த ஒரே மனிதர் எங்கள் தவணை சேர்தான். இரத்தம் குடிக்கக் கையில் வந்து குந்தினால் மெல்ல ஊதி அனுப்பிவிடுவார். கடித்தது அதுதான் என்பதற்குச் சாட்சி இல்லையாம், ஆகவே பிணையில் விடுகிறாராம். இந்தச் செய்தி நுளம்புகளுக்குள் பரவியிருக்க வேண்டும். அவர் என் கடைக்குள் நுழைந்தால் அவையும் கூடவே வரும்.

கடை என்றது துறைமுகப் பக்கம் நான் நடத்திய நெற்கபே. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளின் முகம் பார்க்க வரும் தாய்மாரை வைத்துத்தான் அது ஓடியது. சேர் வேறு ரகம். லண்டனில் சட்டம் படித்து, எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பித்து, ஓய்வு பெற்ற பிறகு பாலையூற்றில் தன் வீட்டுக்குத் தனிக்கட்டையாக வந்து சேர்ந்தவர். ஊரே வெளியே ஓடுகிற நேரத்தில் உள்ளே வந்தவர் என்றால் பாருங்கள். பல்கலைக்கழகமும் அவரை விடவில்லை. மேற்படிப்பு மாணவர்களுக்கு இன்ரநெற் வழியாகக் குற்றவியல் நீதி படிப்பிக்கச் சொன்னது. அதற்காகக் கிழமையில் இரண்டு பின்னேரம் சைக்கிளில் வந்து என் மூலைக் கணினிக்கு முன்னால் குந்துவார்.

மாணவர் என்றால் சின்னப் பொடியள் இல்லை. கனடாப் பொலிஸ்காரர் ஒருவர், கென்யாவில் சிறைச்சாலை அதிகாரியாக இருந்த ஒரு அம்மா, இப்படித் தொழிலில் முற்றிய ஆட்கள். "குற்றம் என்பது யாதெனில்" என்று சேர் தொடங்கவும் கரண்ட் போகும். மனிதர் பதற மாட்டார். கண்ணாடியைக் கழற்றி மடித்து, "சரி, தவணை" என்பார். வழக்கை இன்னொரு நாளுக்குத் தள்ளி வைத்தாராம். கரண்ட் வந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். நாளடைவில் மாணவரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கென்யா அம்மா தன் வீட்டுக் கதவை யாராவது தட்டினால்கூட "தவணை" என்று சொல்லிவிட்டுத்தான் எழும்புவா.

எனக்கும் அவருக்கும் ஓயாத சண்டை. ஒருமுறை கடையில் ஒரு மவுஸ் காணாமல் போனது. முதல் நாள் வந்த நெடுவல் பொடியன் ஒருவனைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன். சேர் என்னைக் கதிரையில் இருத்தி விசாரணை தொடங்கிவிட்டார். அவன் எடுத்ததை நான் கண்டேனா, அவன் போன பிறகு எத்தனை பேர் வந்தார்கள், அலுமாரிக்குப் பின்னால் பார்த்தேனா என்று மூச்சுவிட விடாமல் கேட்டார். பார்த்தேன். மவுஸ் அங்கேதான் கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

இப்படி நல்லாய்ப் போய்க்கொண்டிருந்த கதையில்தான் ஒரு நாள் சேர் முகம் செத்துப்போய் வந்தார். வகுப்பில் சத்தம் அதிகம், கரண்ட் போகிறது, பின்னால் யாரோ பெண் ஏசிக்கொண்டே இருக்கிறாள் என்று மேலிடத்துக்குத் தெரிந்துவிட்டதாம். ஏசுகிற பெண் நான்தான். அடுத்த வகுப்பைத் துறைத் தலைவி அம்மா நேரே இருந்து பார்ப்பாவாம். சரிவராவிட்டால் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

"கொடுத்தால் கொடுக்கட்டும் சேர். உங்களுக்குப் பென்சன் இருக்குத்தானே" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அதுக்கில்லைப் பிள்ளை. இந்த வகுப்பும் போச்சுதெண்டால் நான் வீட்டுச் சுவரோடதான் வாதாட வேணும்."

உடனே வீதியைத் திரட்டினேன். ஹாட்வெயார் கடை சலீம் நானா ஜெனரேற்றர் தந்தார். பாம் பாம் என்று கோர்ன் அடித்துக்கொண்டு போகும் மீன்கார யோசப்பு அன்றைக்கு வாயையும் கோர்னையும் பொத்துவதாக மாதாவின் மேல் சத்தியம் பண்ணினான். சேரின் முதுகுப் பக்கம் பழைய சாமான்கள் தெரியாமல் இருக்க வெள்ளைப் படுக்கைவிரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். சத்தம் போடும் மின்விசிறியையும் நிற்பாட்டினேன். சேர் அயன் பண்ணிய சேர்ட்டோடு வந்து குந்தினார். அப்படி ஒரு அமைதியை எங்கள் வீதி கண்டதே இல்லை.

வகுப்பு தொடங்கியது. நான் வழக்கம்போல் பக்கத்துக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவர் முகங்கள் ஒரு மாதிரி இருந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கனடாப் பொலிஸ்காரர் எழுதிய வரி ஒன்று திரையில் வந்தது. அதன் பொருள் இதுதான்: "சேர், யாராவது உங்களைப் பிடித்து வைத்திருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம். இடது காதைத் தொடுங்கள்."

திரையில் சேரைப் பார்த்தேன். வெள்ளைத் துணிக்கு முன்னால், வேர்த்து ஒழுக, அசையாமல் ஒரு மனிதர். விரிப்பின் கீழே யாரோ ஒருவரின் கால் வேறு தெரிகிறது. ஆணி கழன்றுவிட்டதால் சலீம் நானாதான் விரிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆளைக் கடத்தி வைத்துப் படம் எடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

சேர் கமராவையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார், அந்த வரியைக் காணவில்லை. மின்விசிறி இல்லாத துணிச்சலில் ஒரு நுளம்பு அவரைச் சுற்றிவந்து, சொல்லிவைத்த மாதிரி இடது காதில் குந்தியது. அவர் கை மெல்ல மேலே எழும்பியது. காதில் குந்தியதை ஊத ஏலாது, மெல்லத் தட்டிவிடத்தான் போகிறார். தொட்டார் என்றால் உலகத்துப் பொலிஸ் முழுவதும் என் கடை வாசலில் நிற்கும். வாய் திறப்பதில்லை என்று வீதிக்கே சட்டம் போட்டவள் நான், கத்தவும் ஏலாது. ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து நுளம்பை அடித்தேன்.

மாணவர்கள் கண்டது என்னவென்றால், விரிப்பின் ஓரத்தால் ஒரு கை வந்து பேராசிரியரின் காதைப் பொத்தி ஓர் அறை விட்டது.

அங்கே ஒரே அமளி. கென்யா அம்மா எழும்பி நின்றுவிட்டா. துறைத் தலைவி ரெலிபோனைக் கையில் எடுத்தா, தூதரகத்துக்காம். சேர் காதைத் தடவிக்கொண்டு திரையில் கிடந்த வரியை இப்போதுதான் வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீர் ஏன் அடிச்சனீர்?"

"நுளம்பு சேர்" என்று உள்ளங்கையை நீட்டினேன். அவர் என் கையை அப்படியே பிடித்துக் கமராவுக்குக் காட்டினார். எழும்பிப் போய் விரிப்பையும் இழுத்து விழுத்தினார். பின்னால் சலீம் நானா இரண்டு கையையும் தூக்கியபடி நின்றார். அவருக்குப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு தாய்மார். வாசலில் நின்ற யோசப்பு மட்டும் பொறுக்க ஏலாமல் கோர்னை ஒருமுறை அமத்தினான்.

அந்தச் சத்தம் கேட்டதும் கென்யா அம்மா சிரிக்கத் தொடங்கினா. துறைத் தலைவியும் ரெலிபோனை வைத்துவிட்டுச் சிரித்தா. எல்லோரும் சிரித்து ஓயும்வரை சேர் பொறுத்திருந்தார். அதன்பிறகுதான் அன்றைய பாடமே நடந்தது. ஏன் அப்படி நினைத்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். வெள்ளைத் துணி, வேர்வை, விரிப்பின் கீழே கால், ஏசும் பெண்ணின் சத்தம் இல்லை, கரண்ட் ஒருமுறைகூடப் போகவில்லை என்று அடுக்கினார்கள்.

"நீங்கள் கண்டது எல்லாம் உண்மை" என்றார் சேர். "நினைச்சது மட்டும்தான் பிழை. எங்கட ஊரில இப்பிடி நினைச்சே எத்தனையோ பேரை உள்ளுக்குப் போட்டிருக்கினம்." அவர் இங்கிலீசில் சொன்னதை நான் எங்கள் ஆட்களுக்குத் தமிழில் சொன்னேன்.

பிறகு சேர் என்னைப் பார்த்தார். நுளம்பைக் கொன்றதும் ஆசிரியரை அடித்ததும் என்று இரண்டு குற்றம் என் மேல் இருக்கிறதாம். தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார், ஜெனரேற்றர் நின்றுபோனது. இருட்டுக்குள்ளிருந்து சிரிப்போடு சேரின் குரல் வந்தது: "தவணை."

வகுப்பு அவரிடமே இருந்தது. துறைத் தலைவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: இனிமேல் அந்த விரிப்பைக் கண்ணில் காட்டக் கூடாது. அந்த வருசம் முழுக்க வகுப்புத் தொடங்கு முன்னர் மாணவர்கள் யோசப்பின் கோர்ன் கேட்க வேண்டும் என்று அடம்பிடித்தார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு சேர் கனடாவில் தங்கச்சி வீட்டுக்குப் போனார். இப்போதும் நினைத்த நேரம் ரெலிபோன் எடுப்பார். "என்ர வழக்கு என்னாச்சுது சேர்?" என்று கேட்பேன். நீதிபதிக்கு இன்றைக்குத் தடிமனும் தும்மலும், இன்னொரு நாளைக்கு வாரும் என்பார். தீர்ப்புச் சொல்லிவிட்டால் பிறகு எதைச் சாட்டிக் கதைப்பது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கு விடுதலை வேண்டாம் சேர். தவணை மட்டும் போட்டுக்கொண்டே இருங்கோ.